ஒடேசா மாகாணத்துச் சரக்குக்கு எந்த வாசல்: கருங்கடலா, டான்யூபா, தரைவழியா?

"ஏற்றும் இடம்: பி.ஓ.சி. அல்லது டான்யூப், விற்பவர் விருப்பப்படி." உக்ரைன் சூரியகாந்தி எண்ணெய் வாங்கும் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி வந்தால் கையெழுத்துப் போடலாமா என்று தொழிலுக்குப் புதிதாக வந்த நண்பர்கள் கேட்கிறார்கள். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள்: ஒரே மாகாணத்தில் இத்தனை துறைமுகங்கள் இருக்கும்போது ஒரு டன் சரக்கை வெளியே கொண்டுவரும் செலவு ஏன் இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுகிறது?

பி.ஓ.சி. என்பது பிவ்தென்னி, ஒடேசா, சோர்னோமோர்ஸ்க் ஆகிய மூன்று கடல் துறைமுகங்களுக்கும் சேர்த்துத் தொழிலில் வழங்கும் பெயர். டான்யூப் என்றால் அந்த ஆற்றங்கரைத் துறைமுகங்களான இஸ்மாயிலும் ரேனியும். நான்கைந்து பெயர்களும் ஒரே மாகாணத்துக்குள்தான் வருகின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய சரக்குக்குக் கருங்கடல்தான் சரி. ஆனால் டான்யூப் என்ற சொல்லை ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிடாதீர்கள். தரைவழி, இந்த மாகாணத்துச் சரக்குக்குக் கடைசிப் புகலிடம். ஏன் என்று புரிய, முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

## ஒரு மாகாணம், இரண்டு நிலம்

ஒடேசா, பரப்பளவில் உக்ரைனின் மிகப் பெரிய மாகாணம். சுமார் 33,300 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் இடுப்பு ஒடுங்கிய உருவமாகத் தெரியும். அந்த இடுப்பில்தான் டினீஸ்டர் ஆறு அகன்ற கழிமுகமாக விரிந்து கடலைத் தொடுகிறது. கழிமுகத்துக்குக் கிழக்கே ஒடேசா நகரமும் மூன்று கடல் துறைமுகங்களும் இருக்கின்றன. மேற்கே புட்ஜாக் என்கிற தெற்கு பெசராபியா. ஒரு பக்கம் கருங்கடல், மறுபக்கம் டான்யூப், நடுவே கரிசல் புல்வெளி, உப்பங்கழிகள், உக்ரைனின் மிகப் பெரிய இயற்கை ஏரியான யால்புக்.

இரண்டு பாதிகளுக்கும் வரலாறு வேறு வேறு. ஒடேசா 1794-இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீன் ஆணைப்படி எழுந்த துறைமுக நகரம். 1803 முதல் 1814 வரை அதை ஆண்டவர் பிரான்ஸிலிருந்து வந்த ரிஷ்லியூ கோமகன். 1819 முதல் 1859 வரை அது சுங்கமில்லாத் துறைமுகம். உள்நாட்டுப் புல்வெளிகளிலிருந்து மாட்டு வண்டிகளில் கோதுமை வந்து குவிந்தது. 1865-இல் பால்டாவுக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வண்டிக்காரர்களின் வேலையைத் தண்டவாளம் எடுத்துக்கொண்டது. கோதுமையை உள்நாட்டிலிருந்து இழுத்துக் கடலில் இறக்குவதற்காகவே வளர்ந்த ஊர் என்று சொன்னால் மிகையில்லை.

புட்ஜாக்கின் கதை வேறு. 1812-இல் உஸ்மானியரிடமிருந்து ரஷ்யாவுக்கு வந்தது. கிரிமியப் போருக்குப் பின் 1856-இல் அதன் தென்பகுதி மால்டேவியா என்ற சிற்றரசுக்குப் போனது. 1878-இல் மீண்டும் ரஷ்யாவுக்கு. 1918-இல் ருமேனியா, 1940-இல் சோவியத் ஒன்றியம், போர்க்காலத்தில் மறுபடியும் ருமேனியா. போருக்குப் பின் இஸ்மாயில் என்ற தனி மாகாணமாகவே இருந்து, 1954-இல்தான் ஒடேசாவோடு சேர்க்கப்பட்டது. பல்கேரியர், ககவூசியர், மால்டோவியர், பழைய சடங்கை விடாத ரஷ்ய லிப்போவானியர் என்று ஊருக்கு ஊர் வேறு மொழி கேட்கும் நாடு அது.

சரக்குக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. எல்லைக்கோடு இத்தனை முறை இடம் மாறிய நிலத்தில் பாதைகள் இன்றைய எல்லையை மதிப்பதில்லை. ரேனிக்குப் போகும் பழைய தண்டவாளம் மால்டோவாவுக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது. ஒடேசாவிலிருந்து ரேனிக்குப் போகும் நெடுஞ்சாலையும் பலாங்கா என்ற ஊரருகே ஏழெட்டு கிலோமீட்டர் மால்டோவா மண்ணில் ஓடுகிறது. அந்தச் சாலைக்குப் பின்னால் ஒரு பண்டமாற்று உண்டு. மால்டோவாவுக்கு டான்யூப் கரையில் அரை கிலோமீட்டருக்கும் குறைவான துண்டு நிலம் கிடைத்தது. பதிலுக்கு அந்தச் சாலையின் உரிமை உக்ரைனுக்கு. அந்தத் துண்டுக் கரையில்தான் மால்டோவா தன் ஜூர்ஜுலெஷ்டி துறைமுகத்தைக் கட்டிக்கொண்டது.

மால்டோவாவைத் தொடாமல் போக வேண்டுமென்றால் கழிமுக வாயில் சடோகா பாலம். சாலையும் ரயிலும் சேர்ந்த பாலம் அது. 2022 ஏப்ரலில் ரஷ்ய ஏவுகணைகள் அதைத் திரும்பத் திரும்பக் குறிவைத்தன. இந்தப் பாலம் நின்றால் மாகாணம் இரண்டாக உடைகிறது. அந்த ஆண்டே, இருபது ஆண்டுகளுக்கு மேல் புல் மண்டிக் கிடந்த பெரெசினே–பசராபியாஸ்கா ரயில் பாதையை மால்டோவா வழியாக மீண்டும் திறந்ததற்குக் காரணம் இதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

விலைப்பட்டியலில் தெரியும் கப்பல் வாடகையை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நான் பார்ப்பது ஐந்து.

முதலாவது, நீரின் ஆழம். எவ்வளவு பெரிய கப்பல் முழுச் சுமையோடு கிளம்ப முடியும்? இரண்டாவது, சரக்கு எத்தனை தடவை கை மாறுகிறது? என் கணக்கில் இதற்குத்தான் எடை அதிகம். லாரியிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து பார்ஜ் (ஆற்றில் ஓடும் தட்டையான சரக்குப் படகு), பார்ஜிலிருந்து கப்பல் என்று ஒவ்வொரு மாற்றத்திலும் கூலி, சிந்துமானம், நாள், தரப் பரிசோதனை எல்லாம் கூடுகின்றன. மூன்றாவது, போர் ஆபத்துக் காப்பீடு. நான்காவது, காத்திருப்பு. ஐந்தாவது, எந்த நாட்டு எல்லையை, எந்த நாட்டு அரசியலைக் கடந்து போக வேண்டியிருக்கிறது?

கை மாறுவதன் எடை புரிய ஒரு கணக்கு. 60,000 டன் மக்காச்சோளம் என்று வைத்துக்கொள்வோம். கடல் துறைமுகத்தில் அது பனாமாக்ஸ் என்ற பெரிய ரகக் கப்பல் ஒன்று. ஆற்றுத் துறைமுகத்தில் 6,000 டன் ஏற்றும் சிறு கப்பல்கள் பத்து. அல்லது 2,000 டன் பார்ஜுகள் முப்பது. ரயிலில் 70 டன் வேகன்கள் ஏறத்தாழ 860. லாரியில் 24 டன் வீதம் 2,500 நடை. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## முதல் வாசல்: கருங்கடல் துறைமுகங்கள்

மூன்றில் பிவ்தென்னிதான் உக்ரைனின் ஆழமான துறைமுகம். பெயருக்கே 'தெற்கு' என்று பொருள். முன்பு யூழ்னி என்று அழைத்தார்கள். சோர்னோமோர்ஸ்க், 2016 வரை இல்லிச்சிவ்ஸ்க். தானியத்துக்கும் எண்ணெய்க்கும் தனித்தனி முனையங்கள், பெரிய கிடங்குகள், ரயில் நேராகக் கப்பல் பக்கத்துக்கு வரும் வசதி எல்லாம் உண்டு. கிடங்கில் இறங்கி, கப்பலில் ஏறினால் தீர்ந்தது.

இந்த வாசல் எப்போதும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை 2022 பிப்ரவரியில் உடைந்தது. துறைமுகங்கள் மூடப்பட்டன. ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் ஐ.நா.வும் துருக்கியும் இடையில் நின்று தானிய ஒப்பந்தம் உருவானது. ஆகஸ்ட் 1 அன்று ரஸோனி என்ற கப்பல் முதலில் கிளம்பியது. ஏறத்தாழ ஓராண்டில் சுமார் 3.3 கோடி டன் உணவுப் பொருள் இந்த மூன்று துறைமுகங்கள் வழியே போனது. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகியது. இரண்டே நாளில் சோர்னோமோர்ஸ்க் முனையம் தாக்கப்பட்டது. 60,000 டன் தானியம் அழிந்தது என்று உக்ரைன் அறிவித்தது. நாம் மேலே போட்ட கணக்கின் ஒரு முழுக் கப்பல் சரக்கு அது.

பிறகு உக்ரைன் தானே ஒரு வழித்தடம் அமைத்தது. 2023 ஆகஸ்டிலிருந்து கப்பல்கள் மேற்குக் கரையை ஒட்டி ருமேனிய, பல்கேரியக் கடல் எல்லைக்குள் இறங்கித் துருக்கிக்குப் போகின்றன. இது சாத்தியமானதற்கு ஒரு சிறு பாறைத் தீவும் காரணம். டான்யூப் முகத்துவாரத்துக்கு நேர் எதிரே இருக்கும் பாம்புத் தீவிலிருந்து ரஷ்யப் படைகள் 2022 ஜூன் 30 அன்று வெளியேறியிருக்காவிட்டால் இந்தக் கரையோர வழி பேச்சுக்கே வந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவு காப்பீட்டில் இருக்கிறது. போர் ஆபத்துக் கட்டணம் கப்பலின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று, வழக்கமாக ஏழு நாளுக்குப் போடப்படும். உதாரணத்துக்கு, கப்பல் மதிப்பு 2 கோடி டாலர், கட்டணம் 1 சதவீதம் என்றால் 2 லட்சம் டாலர். 60,000 டன் ஏற்றினால் டன்னுக்கு 3 டாலர் 33 சென்ட். அதே கப்பலில் 25,000 டன் மட்டும் ஏற்றினால் டன்னுக்கு 8 டாலர். விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்தால் ஏற்றும் வேலை நிற்கும். மின்சாரம் போனால் கன்வேயர் நிற்கும். அப்படி நின்று நின்று ஏழு நாள் தாண்டினால் கட்டணம் மறுபடி ஏறும். ஆகவே கருங்கடல் வாசல் மலிவு என்பது, பெரிய கப்பலை வேகமாக நிரப்ப முடிகிறவருக்கு மட்டும் உண்மை.

மாலுமிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் பல கப்பல் வேலையை நம்பியிருக்கின்றன. மாலுமிகளின் தொழிற்சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் உலக அளவில் பேசிச் செய்யும் ஐ.பி.எஃப். ஒப்பந்தத்தின் கீழ் வரும் கப்பல்களில், போர்ப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்கு வர மறுக்க மாலுமிக்கு உரிமை உண்டு. வந்தால் அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. வாடகை பேசும்போது இந்தச் செலவும் உள்ளே இருக்கிறது. இருக்கவும் வேண்டும்.

## இரண்டாம் வாசல்: இஸ்மாயிலும் ரேனியும்

போருக்கு முன் இவை தூங்கிக் கிடந்த துறைமுகங்கள். 2021-இல் உக்ரைனின் டான்யூப் துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து கையாண்டது 60 லட்சம் டன்னுக்கும் குறைவு. 2023-இல் அது 3 கோடி டன்னைத் தாண்டியது. இரண்டே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேல். வயலில் தகரக் கொட்டகை போட்டு, சிறு படகுத் துறைகளைச் சீர்செய்து சாதித்தது இது. ஒரு நாட்டின் வருமானத்தையே சிற்றூர் மனிதர்கள் தோளில் தூக்கி நிறுத்திய காலம் அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கிருந்து சரக்கு இரண்டு விதமாகப் போகும். சிறு கப்பலில் ஏற்றி நேராகக் கடலுக்கு அனுப்பலாம். துருக்கி, எகிப்து போன்ற பக்கத்துச் சந்தைகளுக்கு இது போதும். இல்லையென்றால் பார்ஜில் ஏற்றி, ஆற்றில் மேலேறி, செர்னவோடாவிலிருந்து 64 கிலோமீட்டர் நீளமுள்ள டான்யூப்–கருங்கடல் கால்வாய் வழியாக ருமேனியாவின் கான்ஸ்டன்சா துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றலாம். 1984-இல் திறந்த அந்தக் கால்வாய், உக்ரைன் தானியத்துக்கு உயிர்நாடி ஆகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2023-இல் கான்ஸ்டன்சா கையாண்ட 3.6 கோடி டன் தானியத்தில் சுமார் 1.4 கோடி டன் உக்ரைனுடையது.

தடை ஆழத்தில் இருக்கிறது. கடலுக்கு இறங்க இரண்டு வாய்க்கால்கள். ருமேனியாவின் சுலினா கால்வாயில் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்துக்குள் மூழ்கும் கப்பல்தான் போக முடியும். உக்ரைன் பக்கமுள்ள பிஸ்த்ரே வாயில் 3.9 மீட்டராக இருந்த அனுமதி ஆழத்தை 6.5 மீட்டராக உயர்த்திவிட்டோம் என்று 2023 தொடக்கத்தில் உக்ரைன் சொன்னபோது, டெல்டாவின் பறவைகளும் சதுப்பு நிலமும் கெடும் என்று ருமேனியா எதிர்ப்புத் தெரிவித்தது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எப்படி இருந்தாலும் பனாமாக்ஸ் கப்பல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வாசலில்தான் அதிகம். வட உக்ரைனிலிருந்து வரும் வேகன் ஒடேசாவைத் தாண்டி, டினீஸ்டரைத் தாண்டி, ஒற்றைத் தண்டவாளத்தில் தெற்கே இறங்க வேண்டும். சுலினா வாயில் காத்திருப்பு: 2022 கோடையில் நூறு கப்பலுக்கு மேல் கடலில் நங்கூரமிட்டுக் கிடந்தன. ஒவ்வொரு நாளும் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம். கோடையில் ஆற்று நீர் வற்றினால் பார்ஜில் பாதிச் சுமைதான் ஏற்ற முடியும். 2022 ஆகஸ்ட் வறட்சியில் அதுதான் நடந்தது. இந்தியாவுக்கு வரும் சரக்கு என்றால் கான்ஸ்டன்சாவில் மறுபடி ஒரு கை மாற்றம்.

ஆற்றுத் துறைமுகம் பத்திரம் என்ற எண்ணமும் சரியில்லை. எதிர்க்கரையில் நேட்டோ நாடான ருமேனியா இருந்தும், 2023 ஜூலை 24 அன்று ரேனியும் ஆகஸ்ட் 2 அன்று இஸ்மாயிலும் ட்ரோன்களால் தாக்கப்பட்டன. இஸ்மாயிலில் மட்டும் சுமார் 40,000 டன் தானியம் சேதம் என்று உக்ரைன் அரசு கணக்குச் சொன்னது.

பிறகு எதற்கு இந்த வாசல்? கடல் மூடும் நாளில் இது திறந்திருக்கும் என்பதால். புட்ஜாக்கில் விளைந்த கோதுமைக்கு ஒடேசாவைவிட இஸ்மாயில் கிட்டத்தில் இருப்பதால். 3,000, 5,000 டன் மட்டும் வேண்டும் என்கிற வாங்குபவருக்குப் பெரிய கப்பல் பேச முடியாது என்பதால்.

## மூன்றாம் வாசல்: ரயிலும் லாரியும்

உக்ரைன் தண்டவாள அகலம் 1,520 மில்லிமீட்டர். போலந்திலும் ருமேனியாவிலும் 1,435. வெறும் 85 மில்லிமீட்டர் இடைவெளிக்காக எல்லையில் வேகனின் சக்கரத் தொகுதியை மாற்ற வேண்டும், அல்லது சரக்கை முழுவதும் இறக்கி ஏற்ற வேண்டும். ருமேனியா 2022-இல் கலாட்ஸ் ஆற்றுத் துறைமுகம் வரை அகலப் பாதையைச் சீர்செய்தது ஒரு நல்ல விதிவிலக்கு.

அதைவிடப் பெரிய சிக்கல் அரசியல். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே மாதத்தில் 'ஒற்றுமைப் பாதைகள்' என்று வாசலைத் திறந்தது. ஆனால் தானியம் கடந்து போகாமல் அங்கேயே தேங்கி விலையை இறக்குகிறது என்று அந்நாட்டு விவசாயிகள் கொதித்தார்கள். 2023 ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, பல்கேரியா இறக்குமதித் தடை போட்டன. பிறகு ஒன்றியமே ஐந்து நாடுகளுக்காகக் கோதுமை, மக்காச்சோளம், கடுகின வித்து, சூரியகாந்தி வித்து ஆகிய நான்குக்கும் செப்டம்பர் 15 வரை கட்டுப்பாடு விதித்தது. பட்டியலில் வித்துதான் இருந்தது, எண்ணெய் இல்லை. எண்ணெய் வாங்குபவர்கள் இந்த நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒடேசா மாகாணத்திலேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறது: ஓர்லிவ்காவிலிருந்து டான்யூபைக் கடந்து ருமேனியாவின் இசாக்சாவுக்குப் போகும் படகுத்துறை. 2020-இல் தொடங்கியது. லாரியில் போகும் அவசரச் சரக்குக்கும் விலை உயர்ந்த சரக்குக்கும் பயன்படும். 24 டன் லாரியில் மக்காச்சோளம் ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகாது.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| அளவுகோல் | கருங்கடல் | டான்யூப் | தரைவழி |
|---|---|---|---|
| ஒரு நடைக்குச் சரக்கு | 60,000 டன்னும் அதற்கு மேலும் | சிறு கப்பலில் 5,000–10,000 டன்; பார்ஜில் 1,500–3,000 டன் | வேகனுக்கு 70 டன், லாரிக்கு 22–25 டன் |
| இந்தியா வரை கை மாற்றம் | குறைவு | கான்ஸ்டன்சாவில் கூடுதலாக ஒன்று | எல்லையில் ஒன்று, துறைமுகத்தில் ஒன்று |
| மறைந்த செலவு | போர்க் காப்பீடு, எச்சரிக்கையால் தாமதம் | காத்திருப்பு, நீர் வற்றுதல், நீண்ட ரயில் பயணம் | எல்லை வரிசை, திடீர்த் தடை |
| யாருடைய அரசியல் | ரஷ்யப் படை, துருக்கி நீரிணை | ருமேனியா, மால்டோவா | போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ருமேனியா |
| யாருக்குப் பொருந்தும் | பெரிய வாங்குபவர், தூரச் சந்தை | சிறு சரக்கு, பக்கத்துச் சந்தை, புட்ஜாக் விளைச்சல் | ஐரோப்பாவுக்குள் போகும் சரக்கு, மேற்கு மாகாணங்கள் |

## எண்ணெய் வாங்குபவருக்கு மட்டும்

தானியத்துக்குச் சொன்னதெல்லாம் எண்ணெய்க்கு அப்படியே பொருந்தாது. போருக்கு முன் உக்ரைன் எண்ணெயில் கணிசமான பங்கு பக்கத்து மாகாணத்து மிக்கொலாயிவ் துறைமுகம் வழியாகப் போனது. அது 2022 பிப்ரவரியில் மூடியது. தானிய ஒப்பந்தத்திலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்தச் சுமை ஒடேசா மாகாணத்து முனையங்கள் மேல் விழுந்தது. அந்த மார்ச்சில் நம் மளிகைக் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை வாரத்துக்கு வாரம் ஏறியதன் வேர் அங்கே இருந்தது. அதுவரை இந்தியா வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்துதான் வந்தது.

எண்ணெய்க்குத் தொட்டி வேண்டும், சுத்தமான குழாய் வேண்டும். டான்யூபில் அந்த வசதி குறைவு. டேங்கர் லாரியிலிருந்து பார்ஜ், பார்ஜிலிருந்து கப்பல் என்று மாறும்போது ஒவ்வொரு தொட்டியிலும் முந்தைய சரக்கு என்ன என்று சான்றிதழ் கேட்க வேண்டியிருக்கும். தரம் கெட்டால் எந்தக் கையில் கெட்டது என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே இந்தியாவுக்கு வரும் எண்ணெய்க்குச் சோர்னோமோர்ஸ்க் அல்லது பிவ்தென்னியைத்தான் முதலில் கேட்பேன். அதுவும் ஏற்றும் நாளுக்குப் பத்து நாள் சலுகை வைத்துக் கேட்பேன். 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நேர்ந்தது நினைவிருக்கட்டும். கருங்கடலில் மிச்சம் பிடித்த நாட்கள் அங்கே போய்விடலாம்.

அந்த ஒரு வரிக்கு இப்போது வரலாம். "பி.ஓ.சி. அல்லது டான்யூப், விற்பவர் விருப்பப்படி" என்று இருந்தால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். "பி.ஓ.சி.; அங்கே ஏற்றுவது தடைப்பட்டால் மட்டும், வாங்குபவர் சம்மதத்தோடு டான்யூப் அல்லது கான்ஸ்டன்சா" என்று மாற்றக் கேளுங்கள். தடைப்பட்டது என்பதை யார் சான்றளிப்பது, கான்ஸ்டன்சா வரை பார்ஜ் செலவு யாருடையது, எடையும் தரமும் எந்த இடத்தில் இறுதி என்ற மூன்றையும் அதே பத்தியில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் இந்த மூன்றுக்கும் தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தச் சரக்கை நான் தொட மாட்டேன்.